வணிகக் கணிமை: அந்த ‘சி.ஏ.’ வேறு, இந்த ‘சி.ஏ.’ வேறு

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா, "பொண்ணு சி.ஏ. சேர்ந்திருக்கா" என்று சொன்னதும் தெருவே அந்தப் பெண்ணை ஆடிட்டர் ஆக்கிவிட்டது. அவள் சேர்ந்தது பி.காம். சி.ஏ. இங்கே சி.ஏ. என்பது பட்டயக் கணக்காளர் அல்ல, கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ், அதாவது கணினிப் பயன்பாடு. இதற்கு நெருக்கமான படிப்புக்கு இங்கிலாந்தில் பிசினஸ் கம்ப்யூட்டிங் என்று பெயர். சரி, அதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

பிசினஸ் என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் கவலை என்று பொருள். வியாபாரம் என்ற பொருள் பிறகுதான் வந்தது. (கடை வைத்திருப்பவரைக் கேட்டால் இரண்டும் ஒன்றுதான் என்பார்.) தமிழில் வணிகம், வாணிகம். நுகர்பொருள் வாணிபக் கழகம் என்று அரசே எழுதினாலும், குறளில் இருப்பது "வாணிகம் செய்வார்க்கு" என்றுதான். மதுரைப் பக்கம் அழகர்மலையின் தமிழி (தமிழ் பிராமி) எழுத்துக் கல்வெட்டுகளில் உப்பு வணிகன், அறுவை வணிகன் எல்லாம் வருகிறார்கள். அறுவை என்றால் துணி. இன்று கோடவுன் தெருவில் மொத்தத் துணிக்கடை முதலாளியை அறுவை வணிகர் என்று கூப்பிட்டால் சண்டைக்கு வருவார்.

கம்ப்யூட் என்பது லத்தீனிலிருந்து வந்தது. கணக்கிடுவது என்று பொருள். 17ஆம் நூற்றாண்டில் கம்ப்யூட்டர் என்றால் கணக்குப் போடும் ஆள், நம் கணக்குப்பிள்ளை மாதிரி. தமிழில் பொறிக்குக் கணினி, அதைக்கொண்டு செய்யும் வேலைக்குக் கணிமை. ‘கணிப்பு’ சரிப்படாது, ஜோசியமும் தேர்தல் முடிவும் ஞாபகத்துக்கு வரும். கணினியியல் என்றால் கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆகிவிடும். ஆகவே வணிகக் கணிமை என்பதே என் தேர்வு.

அலுவலகக் கணக்கை முதன்முதலில் கம்ப்யூட்டரில் ஏற்றியது பெரிய வங்கி எதுவும் இல்லை. டீக்கடைகள் நடத்திய லண்டன் லயன்ஸ் நிறுவனம்தான் 1951இல் லியோ என்ற பொறியைக்கொண்டு தன் ரொட்டி, கேக் கணக்கைப் பார்த்தது.

படித்தால் என்ன வேலை? சௌகார்பேட்டை மொத்தக் கடையில் போய் நின்றால் புரியும். "மூணு மாசத்துக்கு மேல பாக்கி வச்சவங்க லிஸ்ட் வேணும், தீபாவளிச் சரக்கைச் சேர்க்காதீங்க" என்பார் முதலாளி. புரோகிராம் எழுதுபவருக்கு எந்தத் தேதியிலிருந்து தீபாவளிச் சரக்கு என்று தெரிய வேண்டும். ஒரு பில்லில் பாதிப் பணம் வந்திருந்தால் அது பாக்கியா என்றும் தெரிய வேண்டும். முதலாளியிடம் கேட்டு இதையெல்லாம் விதிகளாக எழுதித் தருபவர்தான் பிசினஸ் அனலிஸ்ட், வணிகப் பகுப்பாய்வாளர். தம்புச்செட்டித் தெருவின் சுங்க முகவர் அலுவலகங்களிலும் இப்படி ஆள் தேவை, துறைமுகத்தில் இறங்கும் சரக்குக்குச் சுங்கத்துறையிடம் தரும் பில் ஆஃப் என்ட்ரி என்ற படிவம் இப்போது ஆன்லைனில்தான் போகிறது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபின் சின்னக் கடைக்கும் மென்பொருள் வந்துவிட்டது. அப்புறம் ஈஆர்பி (ஒரு நிறுவனத்தின் கணக்கு, சரக்கு, சம்பளம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கும் மென்பொருள்), டேட்டா அனலிஸ்ட் என்று ஐ.டி. பக்கமும் போகலாம்.

அக்கா பெண்ணுக்கு இன்னும் முதல் செமஸ்டர்கூட முடியவில்லை. அதற்குள் எதிர்வீட்டு மாமா வருமான வரிக் காகிதங்களோடு வாசலில் நிற்கிறார்.