நாடற்றவர்: சொல் விளக்கம்

சேர்வராயன் மலையிலும் கல்வராயன் மலையிலும் வாழும் மலையாளிப் பழங்குடியினர் தங்கள் ஊர்த்தொகுதியை 'நாடு' என்றே வழங்குவர். ஊரும் உறவும் அச்சொல்லுக்குள் அடக்கம். 'ஸ்டேட்லெஸ்' என்பதற்கு ஈடாக நாம் ஆளும் 'நாடற்றவர்' இங்கேதான் இடறுகிறது. எந்த அரசும் தன் சட்டத்தின்படி தன் குடிமகனாகக் கருதாதவர் என்பதே 1954ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை தரும் வரையறை. அதில் இல்லையெனப்படுவது அரசின் ஏற்பு மட்டுமே. தமிழ்ச்சொல்லோ மண்ணையும் சேர்த்தே பறித்துவிடுகிறது.

ஆயினும் 'அற்ற' என்ற பகுதியைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. அது 'அறு' என்னும் வினையடியாகப் பிறந்தது. சேலம் அம்மாப்பேட்டைத் தறியில் பாவிழை அறுந்தால் நெசவாளர் தறியை நிறுத்தி, இரு நுனிகளையும் தேடியெடுத்து, விரலால் முடிச்சிட்டுப் பிணைத்த பிறகே மேலே நெய்வார். முன்பு இருந்த தொடர்பு அறுந்ததையே 'அற்ற' குறிக்கிறது. இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மலையகத் தமிழருக்கு அது மிகவும் பொருந்தும். 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்து, எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது. பிறக்கும்போதே எந்தக் குடியுரிமையும் கிட்டாத குழந்தைக்கோ அறுவதற்கு எதுவுமில்லை; 'முடிவிலி' போல 'நாடிலி' என்பதே அதற்குச் சரி.

'அகதி' வேறு. போக்கிடமற்றவர் என்று பொருள்படும் அவ்வடசொல், குடியுரிமை இருந்தும் உயிருக்கு அஞ்சி வந்தவரையும் குறிக்கும். அதற்கு மாற்றாகச் சொல்லப்படும் 'ஏதிலி' தூய தமிழ்தான். ஆனால் 'ஏதிலார் குற்றம்போல்' என்னும் குறளில் அது தொடர்பில்லாத அயலாரைச் சுட்டுகிறது. அடைக்கலம் தேடி வந்தவரை அயலார் என்றழைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. சேலம் மாவட்டத்தில் உள்ளவை உட்பட, தமிழ்நாட்டின் இலங்கைத் தமிழர் முகாம்கள் 2021 முதல் 'மறுவாழ்வு முகாம்' எனப்படுகின்றன. பெயர் மாறியதால் மட்டும் குடியுரிமை வந்துவிடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சட்ட எழுத்தில் 'எந்நாட்டுக் குடியுரிமையும் அற்றவர்' என்பதே என் பரிந்துரை. வெறும் 'குடியுரிமையற்றவர்' போதாது. ஏற்காட்டுக்குச் சுற்றுலா வரும் வெளிநாட்டவரும் இந்தியக் குடியுரிமை அற்றவரே. 'குடி' என்பதோ நம் பேச்சில் தாராளமான சொல். பால் காய்ச்சி வாடகை வீட்டுக்கு வந்தவரை 'குடிவந்தவர்' என்கிறோம். எந்தச் சான்றிதழும் கேட்பதில்லை.