அந்தக் குழந்தை பிழைத்ததா என்று பார்த்தீர்களா?

குடும்ப வரலாறு தேடித் தருவது என் தொழில். மூதாதையரின் பிறப்புப் பதிவு கிடைத்துவிட்டது என்று மகிழ்ச்சியோடு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, "அந்தக் குழந்தை பிழைத்ததா?" என்றுதான்.

ஒருவர் இங்கிலாந்துத் தேவாலயம் ஒன்றின் 1814ஆம் ஆண்டு ஞானஸ்நானப் பதிவோடு வந்தார். பெயர் பொருந்தியது, ஊரும் அதேதான். அதை நம்பி மேலே மூன்று தலைமுறை எழுதி வைத்திருந்தார். அதே தேவாலயத்தின் அடக்கப் பதிவேட்டைப் புரட்டினேன். 1813 முதல் அங்கே அச்சிட்ட படிவம். பெயர், இருப்பிடம், அடக்கம் செய்த நாள், வயது எல்லாம் இருக்கும். 1815இல் அதே பெயர், அதே இருப்பிடம், வயது 11 மாதம். மூன்று தலைமுறையும் வேறொரு குடும்பத்துடையது. அவர் முகம் வாடியதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

இறந்த குழந்தையின் பெயரையே அடுத்த குழந்தைக்கு வைப்பதும் அந்தக் காலத்தில் சாதாரணம். அதனால் பிறப்பைத் தேடும்போதே அடக்கத்தையும் தேடுங்கள். ஞானஸ்நான நாள் பிறந்த நாள் அல்ல, அடக்க நாள் இறந்த நாள் அல்ல என்பதும் நினைவிருக்கட்டும்.

இங்கிலாந்திலும் வேல்சிலும் பிறப்பு, இறப்பு, திருமணங்களின் அரசுப் பதிவு தொடங்கியது 1837 ஜூலை 1இல். அரசு தந்த இறப்புச் சான்றிதழில் நான் முதலில் பார்ப்பது, தகவல் கொடுத்தவர் யார் என்பதை. கூடவே இருந்த மகள் சொன்ன வயதும், பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன வயதும் ஒன்றல்ல. 70, 80 என்று தோராயமான எண்ணாக இருந்தால் முன்னும் பின்னும் சில ஆண்டுகள் விட்டுத் தேடுவேன். ஸ்காட்லாந்தில் 1855 முதல் இறப்புப் பதிவில் தாய் தகப்பன் பெயரும் கேட்டார்கள். அங்கே வேர் உள்ளவர்களுக்கு அது பெரிய உதவி.

சரி, 1814 பதிவோடு வந்தவரின் மூதாதையர் என்ன ஆனார்? 1836இல் திருமணம் ஆனவர். அரசுப் பதிவு தொடங்கும் முன் திருமணப் பதிவில் தகப்பன் பெயர் எழுதுவதில்லை. கடைசியில் கல்லறைத் தோட்டத்தின் குழிப் பதிவேட்டைக் கேட்டு வாங்கினோம். ஒரே குழியில் யார் யார் இருக்கிறார்கள் என்று அதில் தெரியும். அவரோடு வேறு குடும்பப் பெயருள்ள ஒரு பெண்மணியும் இருந்தார். தேடிப் பார்த்தால், 1840இல் திருமணமான தங்கை. அவருடைய திருமணப் பதிவில் தகப்பன் பெயரும் தொழிலும் இருந்தன.