இரண்டு டாலரை மூளை ஏன் வேண்டாம் என்கிறது?

முன்பின் தெரியாத இருவர். ஒருவரிடம் பத்து டாலர் தரப்படுகிறது. அதில் மற்றவருக்கு எவ்வளவு என்பதை அவர் சொல்ல வேண்டும். மற்றவர் சரி என்றால் சொன்னபடி பங்கு, வேண்டாம் என்றால் இருவருக்கும் ஒன்றும் கிடையாது. பேரம் பேச முடியாது, மறு சுற்றும் இல்லை. 1982-இல் வெர்னர் கியூத்தும் சகாக்களும் ஜெர்மனியில் நடத்திப் பார்த்த இந்த ஆட்டத்துக்கு அல்டிமேட்டம் கேம் என்று பெயர். கணக்குப்படி ஒரு டாலர் வந்தாலும் லாபம்தான். ஆனால் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போனால், ஏறக்குறைய பாதிப் பேர் மறுத்துவிடுகிறார்கள்.

ஆலன் சான்ஃபே குழு 2003-இல் 19 பேரை மூளையின் இயக்கத்தைப் படம்பிடிக்கும் எஃப்எம்ஆர்ஐ கருவிக்குள் படுக்கவைத்து இதே ஆட்டத்தை ஆடவிட்டது. வந்த பங்கீடுகளில் பாதி ஐந்துக்கு ஐந்து. மற்றவை 7-3, 8-2, 9-1. அநியாயமான பங்கீட்டைப் பார்த்ததும் மூளையின் பக்கவாட்டு மடிப்புக்குள் இருக்கும் முன் இன்சுலா அதிகம் இயங்கியது. அது எவ்வளவு இயங்கியதோ, மறுக்கும் வாய்ப்பும் அந்த அளவு கூடியது. அதே 9-1 கணினியிடமிருந்து வந்தபோது மறுத்தவர்கள் குறைவு. ஆக, தொகை மட்டும் உறுத்தவில்லை. ஒரு மனிதர் தெரிந்தே இப்படிச் செய்தார் என்பதும் உறுத்துகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. வலி, கெட்ட நாற்றம், சொந்த இதயத்துடிப்பு என்று பலவற்றுக்கும் இன்சுலா இயங்கும். அது இயங்கியதை வைத்தே “இவருக்கு அருவருப்பு வந்தது” என்று முடிவுகட்ட முடியாது. எஃப்எம்ஆர்ஐ அளப்பதும் நரம்பணுக்களின் மின்துடிப்பை அல்ல. சில விநாடிகள் பிந்தி வரும் ரத்த ஆக்சிஜன் மாற்றத்தை. எது எதோடு சேர்ந்து இயங்குகிறது என்பதை அது காட்டும். எது காரணம் என்று அறிய, ஒரு பகுதியைச் சற்று மட்டுப்படுத்திப் பார்க்க வேண்டும்.

அதைத்தான் டாரியா நோக், எர்ன்ஸ்ட் ஃபேர் குழு 2006-இல் சூரிச்சில் செய்தது. நெற்றிக்குப் பின்னால் பக்கவாட்டில் இருக்கும் முன்மூளைப் புறணிமீது, தலைக்கு வெளியிலிருந்தே விநாடிக்கு ஒரு காந்தத் துடிப்பு வீதம் 15 நிமிடம் கொடுத்தார்கள். இப்படி மெதுவான துடிப்பு கொடுத்தால் அந்த இடத்தின் செயல்பாடு சில நிமிடங்கள் தணிந்திருக்கும். ஆட்டத்தை அதற்குள் முடித்தாக வேண்டும். ஒரு குழுவுக்கு வலப்பக்கம், ஒரு குழுவுக்கு இடப்பக்கம், இன்னொன்றுக்கு வெறும் பாவனை.

இந்தப் பகுதி பணக் கணக்கைப் பார்த்து, கோபத்தை அடக்குகிறது என்பதுதான் அதுவரை இருந்த ஊகம். அது சரியென்றால், தணித்ததும் மறுப்பு கூட வேண்டும். நேர்மாறாக நடந்தது. வலப்பக்கம் தணிக்கப்பட்டவர்கள் 20 ஃபிராங்கில் வெறும் 4 வந்தபோதும் மற்ற குழுக்களைவிட அதிகமாக ஏற்றுக்கொண்டார்கள். இது நியாயமா என்று கேட்டால், மற்றவர்களைப் போலவே “அநியாயம்” என்றார்கள். அநியாயத்தை உணர்வது வேறு, கையில் வரும் காசை விட்டு அந்த உணர்வின்படி நடப்பது வேறு. இந்தத் துறையில் என்னை மிகவும் கவர்ந்த முடிவு இதுதான்.

காசை இழந்தும் மறுப்பதால் யாருக்கு என்ன பயன்? ஃபேரும் சைமன் கேக்டரும் 2002-இல் வெளியிட்ட சோதனையில் பதில் இருக்கிறது. நால்வர், ஆளுக்கு 20 அலகு. பொதுநிதியில் போடும் ஒவ்வோர் அலகுக்கும் நால்வருக்கும் தலா 0.4 திரும்பும். எல்லோரும் முழுதாகப் போட்டால் ஆளுக்கு 32. ஒருவர் மட்டும் போடாமல் இருந்தால் அவருக்கு 44, மற்ற மூவருக்கும் 24. விளைவு, சுற்றுக்குச் சுற்று நிதி வற்றியது. தன் பணத்தில் ஓர் அலகு செலவழித்து ஏய்ப்பவரிடமிருந்து மூன்று அலகைக் குறைக்கலாம் என்ற விதி வந்ததும் பங்களிப்பு ஏறியது. சுற்றுதோறும் ஆட்கள் மாற்றப்பட்டதால், தண்டித்தவருக்கு அதனால் சொந்த லாபம் எதுவும் இல்லை. இருந்தும் தண்டித்தார்கள்.

அவர்களை அப்படிச் செய்யத் தூண்டுவது எது என்பதை 2004-இல் டொமினிக் டி கெர்வெய்ன் குழு, மூளையின் இயக்கத்தைக் காட்டும் இன்னொரு கருவியான பெட் ஸ்கேனில் தேடியது. ஆட்டத்தில் நம்பிக்கையை முறித்தவரைத் தண்டிக்கையில், மூளையில் வெகுமதியோடு தொடர்புடைய காடேட் பகுதி இயங்கியது. அந்த இயக்கம் திருப்தியின் பின்விளைவா, திருப்தி வரும் என்ற எதிர்பார்ப்பா? தண்டனை இலவசமாக இருந்தபோது ஒரே அளவு தண்டித்தவர்களை எடுத்து ஒப்பிட்டார்கள். அவர்களில் காடேட் அதிகம் இயங்கியவர்களே, தண்டிக்கக் காசு செலவாகும் என்றபோது அதிகம் செலவழித்தவர்கள். எதிர்பார்ப்பு என்ற பக்கமே சான்று சாய்ந்தது.