கனரக வீரர் என்றால் யார்?

"உலகின் தலைசிறந்த கனரக வீரர்." குத்து, உதை, மல்லு எல்லாம் கலந்த எம்எம்ஏ சண்டையில் பேர்போன ரஷ்யாவின் ஃபியோதர் எமெலியானென்கோவைப் பற்றிய தமிழ்க் காணொளிகளில் இந்த வரியைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. பாரம் கூடிய வீரர்களின் பிரிவான ஹெவிவெயிட் என்பதைத்தான் இப்படித் தமிழாக்குகிறார்கள். வேறு ஊர்களில் எடுபடுமோ என்னவோ, இலங்கையின் வன்னியில் எடுபடாது.

பரந்தனில் ஒரு சலூன். வாங்கில் இருந்த பெடியன் கைபேசியில் அந்தக் காணொளியைச் சத்தமாக ஓடவிட்டிருந்தான். முடி வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "தம்பி, கனரக வீரர் எண்டா ஆர்? மண் கிண்டுற பெக்கோ ஓடுறவரோ?"

"இல்லை அண்ணை, கம்பிக் கூட்டுக்குள்ள சண்டை பிடிக்கிறவர்."

"அப்ப ஏன் கனரகம்?"

பெடியனிடம் பதில் இல்லை. மொழிபெயர்த்தவரிடமும் இருந்திருக்காது.

சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். கனம் என்றால் பாரம். வடமொழியில் திண்மை, செறிவு என்ற பொருளில் இருந்து வந்தது. ரகம் உருது வழியாக நம்மிடம் சேர்ந்தது. வகை என்று பொருள். ஒட்டினால் 'பாரமான வகை'. அவ்வளவுதான் பிறப்புக் கதை.

ஆனால் ரகம் பொருட்களுக்கு உரிய சொல். நெல்லில் ரகம் உண்டு, சீலையில் ரகம் உண்டு. ஆளைப் பார்த்து "அவர் ஒரு ரகம்" என்றால் அது பாராட்டு இல்லை. கனரகமும் அப்படியே இயந்திரங்களோடு ஒட்டிக்கொண்டது: கனரக வாகனம், கனரக இயந்திரம், கனரக ஆயுதம். கடைசியாகச் சொன்னதை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. போர் முடிந்த 2009 வரை செய்திகளில் அந்தச் சொல் ஓயாமல் வந்துகொண்டிருந்தது. செய்தி வருவதற்கு முன்பே சத்தம் வந்துவிடும். அதைக் கேட்டு வளர்ந்த காதுக்குக் கனரக வீரர் என்றால் மல்லுக்கு நிற்பவரா நினைவுக்கு வருவார்?

சரி, ஊரின் காதை விடுங்கள். பொருளாவது பொருந்துகிறதா என்றால் அதுவும் இல்லை. அதற்கு ஃபியோதரே சாட்சி. 1976 இல் உக்ரைனின் ருபிஷ்னேயில் பிறந்து ரஷ்யாவின் ஸ்தாரி ஒஸ்கோலில் வளர்ந்தவர். (பழைய சோவியத் மொழிபெயர்ப்புகளைப் படித்தவர்களுக்குப் பெயர் பழக்கமானதுதான், தஸ்தயேவ்ஸ்கியும் ஃபியோதரே. அதைப் பெடோர் என்று எழுதுகிறவர்களோடு இன்னொரு நாள் மல்லுக்கட்டலாம்.) உயரம் 183 சென்ரிமீற்றர், நிறை ஏறத்தாழ 105 கிலோ. செதுக்கிய உடம்பு இல்லை, கொஞ்சம் தொப்பையும் உண்டு. ஜூடோவும் ரஷ்ய மல்லுக்கலையான சாம்போவும் பழகி 2000 இல் எம்எம்ஏ என்ற கலப்புச் சண்டைக்கு வந்தார். அந்த வருடக் கடைசியில் முகத்தில் ஏற்பட்ட வெட்டுக் காயத்தால் ஒரு போட்டி பறிபோனது. அதற்குப் பிறகு 2010 ஜூன் வரை அவரை ஒருவராலும் வெல்ல முடியவில்லை. 2003 மார்ச்சில் யொக்கோஹாமாவில் பிரேசில் வீரர் நொகேய்ராவை வென்று ஜப்பானின் பிரைட் போட்டிகளில் சம்பியனானார்.

2007 டிசம்பர் 31 அன்று சைத்தாமாவில் நடந்ததைப் பாருங்கள். எதிரே நின்றவர் கொரியாவின் ஹொங் மன் சோய். உயரம் 218 சென்ரிமீற்றர். இரண்டு பேரையும் பக்கத்தில் நிறுத்தினால் ஃபியோதரின் தலை ஏறத்தாழ மற்றவரின் தோளளவில்தான் நிற்கும். கீழே விழுத்தப்பட்டார், குத்து வாங்கினார், அப்புறம் படுத்த நிலையிலேயே சோயின் கையைப் பிடித்து முறுக்கி, முதற் சுற்றிலேயே தோல்வியை ஒப்புக்கொள்ள வைத்தார். இந்த இருவரில் கனரகம் யார்?

ஹெவிவெயிட் என்பது ஆளின் வகையே இல்லை. தராசு காட்டும் அளவுக்கு வைத்த பெயர். அமெரிக்கப் பொது விதிகளின்படி 93 கிலோவுக்கு மேல் 120 கிலோ வரை. பிரைட்டில் மேல் எல்லையே கிடையாது. 93 ஐத் தாண்டினால் எல்லோரும் ஒரே பிரிவுதான். கனரகத்தில் இந்தத் தராசைக் காணவில்லை. இன்னொரு இடத்திலும் அது கவிழ்கிறது: ஹெவிவெயிட்டுக்கு அடுத்த கீழ்ப் பிரிவான லைட் ஹெவிவெயிட்டை என்ன செய்வீர்கள்? 'இலகு கனரகம்' என்றா? லைட்டான லொறி என்பது போல் இருக்கிறது.

'அதிபாரம்' என்று எழுதுகிறவர்களும் உண்டு. கனரகத்துக்கு இது எவ்வளவோ மேல், பாரமாவது இருக்கிறதே. ஆனால் அதி என்றால் அளவுக்கு மீறியது. அதிபாரம் என்று கேட்டால் கிளினிக்கில் நிறுத்துப் பார்த்துவிட்டு "சோத்தைக் குறையுங்கோ" என்று சொல்வதுதான் நினைவுக்கு வரும். 120 கிலோவைத் தாண்டிய சூப்பர் ஹெவிவெயிட் வந்தால் இன்னொரு அதியைப் போட்டு 'அதியதிபாரம்' என்பதா?

நமக்குத் தேவையான சொல் வயலிலும் கடையிலும் ஏற்கெனவே கிடக்கிறது. நெல்லை நிறுக்கிறோம், நிறுத்தால் வருவது நிறை. ஹெவிவெயிட் பெருநிறை, மிடில்வெயிட் நடுநிறை, லைட்வெயிட் சிறுநிறை. லைட் ஹெவிவெயிட்டைக் கீழ்ப்பெருநிறை எனலாம். அழகில்லைதான், ஆனாலும் புரிகிறது. போட்டிக்கு முதல்நாள் வீரர்களைத் தராசில் ஏற்றுவதற்கும் நிறுவை இருக்கிறது. 'எடைப் பரிசோதனை நிகழ்வு' என்று மூன்று சொல் செலவழிக்கத் தேவையில்லை.

இரண்டு தடைகள் சொல்வார்கள். ஒன்று, குறளில் "நிறைகாக்கும் காப்பே தலை" என்று வரும் நிறை மன அடக்கம் அல்லவா என்பது. இருக்கட்டுமே. குத்து வாங்கினாலும் வென்றாலும் முகம் மாறாத ஃபியோதருக்கு அதுவும் பொருந்தும். மற்றது பாடநூல் தகராறு. இலங்கைப் பாடநூல்களில் நிறை என்பது ஈர்ப்பினால் வரும் விசை, கிலோவில் அளப்பது திணிவு. தமிழ்நாட்டில் கிலோவில் அளப்பதுதான் நிறை, விசைக்கு எடை என்பார்கள். ஆகவே தமிழ்நாட்டு விஞ்ஞான ஆசிரியர் பெருநிறையை மறுக்கமாட்டார், நம் ஆசிரியர் முகம் சுளிப்பார். அவரும் சந்தையில் மீன் வாங்கும்போது "திணிவு எவ்வளவு?" என்று கேட்பதில்லை.

தூய தமிழ் பிடிவாதம் என்று இதைத் தள்ளவேண்டாம். ஒரு காலத்தில் கிளிநொச்சிக் கடைப்பலகைகளில் புதிய தமிழ்ச் சொற்கள் நிறைய ஏறின. வெதுப்பகம் நின்றுவிட்டது, பாண் வெதுப்பும் இடம் என்று சொல்லே சொல்லிவிடுகிறது. உந்துருளி செய்திகளில் ஓடுகிறது, வீட்டில் மோட்டார் சைக்கிள்தான் ஓடுகிறது. புரிவது தங்கும், புரியாதது போகும். கனரக வீரரோ தூயதும் இல்லை, புரிவதும் இல்லை. அகராதியில் ஹெவி என்றால் கனரகம் என்று பார்த்ததும் ஒட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போகிறவர்களின் வேலை அது. இவர்கள்தான் செல்வாக்குள்ள அமைச்சரையும் 'கனரக அரசியல்வாதி' ஆக்குகிறவர்கள்.

இதே ஆட்கள் எம்எம்ஏயைக் 'கலப்புத் தற்காப்புக் கலை' என்கிறார்கள். கூட்டுக்குள் இறங்கும் இரண்டு பேரும் தாக்கத்தானே இறங்குகிறார்கள், இதில் யார் யாரைத் தற்காக்கிறார்? கலப்புச் சமர் என்றால் போதும். பள்ளிக்கூடக் கிரிக்கெட்டையே பெருஞ்சமர் என்கிற வடக்குக்கு அந்தச் சொல் புதிதும் இல்லை. ஆனால் தற்காப்புக்காரர்கள் கையில் ஒரு துருப்புச் சீட்டு இருக்கிறது, அதை மறைப்பது நியாயமில்லை: ஃபியோதர் பழகிய சாம்போவின் ரஷ்யப் பெயரை விரித்தால் 'ஆயுதமில்லாத் தற்காப்பு' என்றுதான் வருகிறது.