காலிஃபிளவர் – பூக்கோசு

காலிஃபிளவருக்குத் தமிழில் பூக்கோசு. இதைக் 'கோசுப்பூ' என்று புரட்டிப் போட்டால் பொருள் கெட்டுவிடும். மல்லிகைப்பூ என்றால் பூ, பூக்கோசு என்றால் கோசு. இப்படிப்பட்ட தொகைகளில் பின்னால் நிற்கும் சொல்லே பொருளைச் சுட்டும். 'க்' விடாமல் எழுத வேண்டும்.

ஆங்கிலச் சொல்லுக்கு மூலம் இத்தாலிய 'காவோல்ஃபியோரே': கோசும் பூவும் சேர்ந்தது. அதில் வரும் 'காவோலோ', தண்டையும் கோசுச் செடியையும் குறிக்கும் இலத்தீன் 'கௌலிஸ்' என்பதிலிருந்து பிறந்தது. நூல்கோலில் ஒட்டியிருக்கும் 'கோல்' இந்த வேரின் வாரிசுதான். டச்சுக்காரர்களின் 'க்னோல்கோல்' (கிழங்குக் கோசு) தமிழ் வாயில் நூல்கோலாயிற்று. நூலுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஜெர்மன் 'புளூமென்கோல்', இந்தி 'ஃபூல் கோபி' இரண்டும் நம்மைப் போலவே பூவை முன்னே வைக்கின்றன.

'தண்டு' என்ற பழம்பொருளே தோட்டக்காரருக்கு உதவும். நாம் சமைப்பது மலர்ந்த பூ அல்ல. பூவாகப் புறப்பட்டுப் பூவாகாமல் கிளைத்துக்கொண்டே போன தண்டு நுனிகளின் திரட்சி. ஒரு கொத்தை முறித்துப் பாருங்கள், அதுவே ஒரு குட்டிப் பூக்கோசு. அதிலிருந்து ஒரு துண்டை முறித்தால் இன்னொரு குட்டி. உண்மையான பூ மஞ்சளாக, நான்கு இதழோடு வரும். அதைக் கண்டால் அறுவடை தவறிவிட்டது என்று பொருள்.

திரட்சிக்குச் சோறு போடுவது இலை. திரளத் தொடங்கும் முன் எத்தனை பெரிய இலைகள் விரிந்தனவோ, அந்த அளவுக்குத்தான் பூ. எனவே 25–30 நாள் நாற்றை, 4–5 இலையில், 45 செ.மீ. இடைவெளியில் நட்டுவிட வேண்டும். குழித்தட்டிலேயே வேர் சுருண்டு முற்றிய நாற்றும், தழைச்சத்தோ நீரோ போதாத செடியும் எலுமிச்சை அளவில் பூவைக் காட்டி நின்றுவிடும். ஆங்கிலத்தில் இதற்குப் 'பொத்தான்' என்று பெயர். 'குறும்பூ' என்றால் நமக்குப் போதும். அதன் பிறகு கொட்டும் உரம் வீண்.

திரளும்போது 15–20 டிகிரி செல்சியஸ் இதமானது. வெயில் ஏறினால் வெள்ளைப் பரப்பில் குருணை தூவியது போல மொட்டுகள் எழும். பூ நெகிழ்ந்து பிரியும். திரட்சி 5 செ.மீ. ஆனதும் வெளியிலைகளை மேலே கூட்டித் தளர்வாகக் கட்டினால் நிறம் மஞ்சளாகாது. மழை நீர் உள்ளே தேங்கினால் அழுகும், அவ்வப்போது அவிழ்த்துப் பாருங்கள்.

இலைப்பரப்பு குறுகி நடுநரம்பு மட்டும் சாட்டை போல நீண்டால் மாலிப்டினம் என்னும் நுண்சத்து குறைவு. பெரும்பாலும் மண்ணின் புளிப்புதான் காரணம். நடும் முன்பே சுண்ணாம்பு இட்டுக் கார அமிலநிலையை (pH) 6.5-க்குக் கொண்டுவந்தால் சரியாகும். தண்டு உள்ளே குடைந்து பழுப்பேறினால் போரான் குறைவைச் சந்தேகிக்கலாம்.

15–20 செ.மீ. அகலத்தில், இறுக்கமாக இருக்கும்போதே சில இலைகளோடு அறுங்கள். புரோக்கோலி போலப் பக்கக் கிளையில் மறுபடி காய்க்கும் என்று காத்திருக்க வேண்டாம், செடியைப் பிடுங்கிவிடலாம்.