ஆஷ்கேன் காமிக்ஸ்: கிரேடுக்கு முன்னால் காகிதத்தைப் பாருங்கள்

பழைய காமிக்ஸ் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைப்பவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "இது எத்தனை வரும்?" பிரதி இருக்கும் நிலைக்குப் பத்துக்கு என்ன கிரேடு கிடைக்கும் என்கிறார்கள். அமெரிக்காவில் பழைய காகிதங்களைச் சீர்செய்து பாதுகாக்கும் வேலையில் இருக்கிறேன். கிரேடு போடுவது என் வேலை இல்லை. ஆனாலும் கிரேடு போடும் நிறுவனத்துக்கு அனுப்புவதற்கு முன் ஒரு பார்வை பார்த்துச் சொல்லுங்கள் என்று வருகிறவர்கள் உண்டு. அவர்களில் நம்மூர்க்காரர்களும் இருக்கிறார்கள். கடையில் விற்ற சாதாரண காமிக்ஸ் என்றால் அந்தக் கேள்வி நியாயம். ஆஷ்கேன் பிரதி என்றால் அதைக் கடைசியாகத்தான் கேட்க வேண்டும்.

ஆஷ்கேன் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். 1930-களின் கடைசியிலும் 1940-களிலும் அமெரிக்கக் காமிக்ஸ் பதிப்பகங்களுக்குள் பெயருக்காகப் பெரிய போட்டி. ஒரு பெயரை டிரேட்மார்க்காகப் பதிய வேண்டுமானால், அந்தப் பெயரில் சரக்கு ஏற்கெனவே விற்பனைக்குப் போயிருக்க வேண்டும். அதுவும் மாநில எல்லையைத் தாண்டிப் போயிருக்க வேண்டும். முழு இதழையும் எழுதி, வரைந்து, அச்சடித்து முடிக்கும்வரை காத்திருந்தால் பெயரை வேறு யாராவது தட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அதற்காகக் கண்டுபிடித்த குறுக்குவழிதான் இது. புதுப் பெயரைப் போட்டு ஒரு கறுப்பு வெள்ளை அட்டை, உள்ளே பெரும்பாலும் கைக்குக் கிடைத்த வேறொரு இதழின் பக்கங்கள், முதுகில் ஸ்டேப்ளர் பின். விரல்விட்டு எண்ணக்கூடிய சில பிரதிகள் மட்டும் தயாராகும். விண்ணப்பம் போனதும் அவற்றின் வேலை முடிந்தது, மிஞ்சியது குப்பைக்கு.

டிசி நிறுவனம் 1944-லேயே சூப்பர்கேர்ள் என்ற பெயருக்கு ஆஷ்கேன் போட்டு வைத்தது. இன்று எல்லோருக்கும் தெரிந்த சூப்பர்கேர்ள் வந்தது 1959-ல். ஒரு பெயருக்கு வேலி போடுவதற்கு அவ்வளவு முன்கூட்டியே கிளம்பியிருக்கிறார்கள்.

இதைவிட எனக்குப் பிடித்தது ஃபாசெட் நிறுவனத்தின் கதை. 1939 கடைசியில் அவர்கள் ஒரு புது நாயகனைத் தயார் செய்தார்கள். பில் பார்க்கர் எழுத, சி.சி. பெக் வரைந்தார். நாயகனுக்குக் கேப்டன் தண்டர் என்று பெயர். ஃபிளாஷ் காமிக்ஸ் என்றும் திரில் காமிக்ஸ் என்றும் இரண்டு தலைப்பில் ஆஷ்கேன் போட்டுப் பார்த்தார்கள். ஆனால் அதே சமயத்தில் இன்னொரு நிறுவனம் ஃபிளாஷ் காமிக்ஸ் என்ற பெயரிலேயே இதழைக் கடைக்குக் கொண்டுவந்துவிட்டது. திரில்லிங் காமிக்ஸ் என்று வேறொருவர் வந்தார். நாயகனின் பெயரும் நிலைக்கவில்லை. கடைசியில் அவர் கேப்டன் மார்வெல் ஆகி, 1940 பிப்ரவரி தேதியிட்ட விஸ் காமிக்ஸில் வெளிவந்தார். அந்த இதழின் எண் 2. கடைக்கு வந்த எண் 1 என்று ஒன்று கிடையாது. அந்த நாயகனின் முதல் அச்சுப்பிரதி வேண்டும் என்று தேடுகிறவர் இந்தக் கறுப்பு வெள்ளை ஆஷ்கேனில்தான் போய் நிற்க வேண்டும். அப்படிப்பட்ட பிரதி கிடைத்தால் மூலை மடங்கியிருக்கிறதா என்று யார் பார்க்கப்போகிறார்கள்?

கிரேடு முறையும் ஆஷ்கேனும் ஒட்டாமல் போவது இங்கேதான். 2000-ல் தொடங்கிய சி.ஜி.சி. போன்ற நிறுவனங்கள் 0.5 முதல் 10 வரை மதிப்பிட்டு, பிரதியைக் கெட்டிப் பிளாஸ்டிக்கில் அடைத்துத் தருகின்றன. ஸ்லாப் என்பார்கள். பெட்டிக்கடையிலும் பத்திரிகை ஸ்டாண்டிலும் லட்சக்கணக்கில் விற்ற, ஒரே அச்சில் வந்த பிரதிகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவதற்கு அந்த அளவுகோல் நன்றாக உதவும். ஆஷ்கேனோ அலுவலக மேசையில் கத்தரித்து, பின் அடித்து உருவானது. ஓரம் கோணலாக இருக்கும், பின் நடுவில் இருக்காது, அட்டை உள்பக்கத்தைவிடச் சின்னதாகக்கூட இருக்கலாம். சாதாரண காமிக்ஸில் ஓரத்தைப் பின்னால் யாராவது வெட்டியிருந்தால் அது ரெஸ்டோர்டு, அதாவது பின்னால் கைவைத்துத் திருத்தியது என்ற கணக்கில் போய், ஸ்லாப்பில் ஊதா லேபிள் வாங்கும். ஆஷ்கேனில் அந்த வெட்டே பிறப்பிலேயே வந்ததாக இருக்கலாம். அன்றைக்கு வெட்டியதா, போன வருஷம் வெட்டியதா என்பதுதான் கேள்வி.

அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. செய்தித்தாள் ரகக் காகிதம் வெளி ஓரத்திலிருந்து உள்நோக்கிப் பழுப்பேறும். திறந்த மூன்று ஓரங்களில் இரண்டில் பழுப்புக் கரை இருந்து, ஒன்று மட்டும் வெளுப்பாக முடிந்தால், அந்த ஓரம் சமீபத்தில் வெட்டப்பட்டிருக்கிறது என்று சந்தேகப்படலாம். ஸ்டேப்ளர் பின்னும் பேசும். துருப்பிடித்த பின்னைச் சுற்றிக் காகிதத்தில் துருக்கறை இல்லையென்றால் பின் வேறு இடத்திலிருந்து வந்திருக்கலாம். கூடுதல் ஓட்டைகளைப் பார்த்ததும் பயந்துவிட வேண்டாம். உள்பக்கங்கள் ஏற்கெனவே பின் அடித்த இதழிலிருந்து வந்திருந்தால் இரண்டு ஜோடி ஓட்டை இருப்பது இயல்பு.

அடுத்தது உள்பக்கம். அட்டையை மட்டும் படம் எடுத்துப் போட்டு விற்பவர்கள் நிறைய. உள்ளே இருப்பது எந்த இதழின் பக்கங்கள், அது எப்போது வந்தது என்று கண்டுபிடியுங்கள். அட்டையின் காலத்துக்கு வருஷக்கணக்கில் பின்னால் வந்த கதை உள்ளே இருந்தால், பேச்சே வேண்டாம்.

புற ஊதா டார்ச் ஒன்று மலிவாகவே கிடைக்கிறது, வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காகிதத்தை வெள்ளையாகக் காட்டச் சேர்க்கும் ரசாயனம் பரவலானது 1950 வாக்கில்தான். அதற்கு முந்தைய காகிதம் அந்த வெளிச்சத்தில் மங்கலாகவே இருக்கும். பிற்காலத்துக் காகிதம் நீலமாகப் பளீரென்று ஒளிரும். 1940 என்று போட்ட அட்டை முழுக்க ஒளிர்ந்தால் அதை விட்டுவிடலாம். ஒளிரவில்லை என்பதற்காக அசல் என்றும் முடிவுகட்டக் கூடாது, பழைய புத்தகத்தின் வெற்றுத்தாளில் அச்சடித்துத் தருகிற கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள். (சலவைத்தூள் பட்ட காகிதமும் திட்டுத் திட்டாக ஒளிரும். அதைப் பார்த்து அசல் பிரதியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.) பிறகு பத்து மடங்கு லென்ஸில் எழுத்துகளைப் பாருங்கள். இங்க்ஜெட் என்றால் கறுப்புக்குள் பெரும்பாலும் வண்ணப் புள்ளிகள் தெரியும். லேசர் என்றால் தூள் உருகி மேலே பளபளப்பாக உட்கார்ந்திருக்கும், எழுத்தைச் சுற்றிப் பொடி சிதறியிருக்கும்.

இந்தச் சோதனைகள் எல்லாக் காலத்துக்கும் பொருந்தாது. 1978-ல் டிசி தன் இதழ்கள் பலவற்றை ஒரேயடியாக நிறுத்தியது. அச்சுக்குப் போகாத கதைகளின் பதிப்புரிமையைப் பாதுகாக்க, அவற்றை ஜெராக்ஸ் எடுத்து, கேன்சல்டு காமிக் காவல்கேட் என்று இரண்டு தொகுதியாகக் கட்டினார்கள். சுமார் 35 பிரதிகள்தான். பழைய ஆஷ்கேன்களுக்கு நெருங்கிய சொந்தம் என்று சொல்லலாம். அசலே ஜெராக்ஸ் என்பதால் லென்ஸ் உதவாது. 1978-ன் வெள்ளைத்தாள் ஒளிர்வதில் ஆச்சரியம் இல்லை என்பதால் டார்ச்சும் உதவாது. அங்கே கேட்க வேண்டியது கைமாறிய வரலாறு: யாருக்குக் கொடுத்த பிரதி, அவரிடமிருந்து யாரிடம் போனது, கடிதமோ ரசீதோ இருக்கிறதா. அந்தச் சங்கிலி நடுவில் அறுந்திருந்தால் நான் ஒரு டாலர்கூடச் சொல்லமாட்டேன்.

1990-களில் ஆஷ்கேன் என்ற பெயரில் வந்த சின்னப் புத்தகங்கள் வேறு ஜாதி. புதுத் தொடருக்கு விளம்பரமாக, சேகரிப்பவர்களுக்கென்றே அடித்தவை. டிரேட்மார்க் சட்டமும் 1989-ல் தளர்ந்துவிட்டது. பெயரைப் பயன்படுத்தப் போகிறோம் என்று சொல்லியே விண்ணப்பிக்கலாம். பிடித்திருந்தால் வாங்குங்கள், அரிது என்று நம்பி வாங்காதீர்கள்.

வீட்டு வைத்தியம் பற்றியும் சொல்ல வேண்டும். என் மேசைக்கு வரும் பிரதிகளில் காலம் செய்த கெடுதலைவிடக் கை செய்த கெடுதல்தான் அதிகம். செலோடேப்பின் பசை காகிதத்துக்குள் இறங்கி மஞ்சளாகும், பிறகு கறையாகவே நிற்கும். உதிர்ந்த கறுப்பை மார்க்கர் பேனாவால் நிரப்புகிறார்கள்; டார்ச் அடித்தால் அது தனியாகத் தெரிந்துவிடும், அதற்கும் பெரும்பாலும் ஊதா லேபிள்தான். கிழிசல் இருந்தால் இருக்கட்டும். கட்டாயம் ஒட்ட வேண்டும் என்றால் ஜப்பானியத் தாளும் கோதுமை ஸ்டார்ச் பசையும் தெரிந்தவரிடம் கொடுங்கள், பின்னால் தண்ணீர் தொட்டுப் பிரித்துவிடலாம். பி.வி.சி. உறை வேண்டாம், மைலார் என்கிற பாலியெஸ்டர் உறை போதும். சென்னைக்கு எடுத்துப் போகிறவர்கள் அலமாரியில் ஈரப்பதம் காட்டும் கருவி ஒன்று வையுங்கள். 65 சதவீதத்தைத் தாண்டி நின்றால் பூஞ்சை வரும்.

ஸ்லாப்பில் அடைத்த பிரதி என்றாலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டாம். பெட்டியைச் சேதமில்லாமல் திறந்து உள்ளிருப்பதை மாற்றுகிற வேலை நடந்திருக்கிறது. லேபிளில் உள்ள சான்றிதழ் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்கே படம் இருந்தால் உங்கள் கையில் இருப்பதோடு மடிப்புக்கு மடிப்பு ஒப்பிடுங்கள். அடைக்காத பிரதி என்றால் விற்பவரிடம் நான்கு படங்கள் கேளுங்கள்: நடுப்பக்கம் பின்னோடு, அட்டையின் உள்பக்கம், நான்கு ஓரமும் தெரியும்படி ஒன்று, புற ஊதா வெளிச்சத்தில் ஒன்று. உண்மையான பிரதியை வைத்திருப்பவருக்கு இது பத்து நிமிட வேலை. "பிரித்தால் கிழிந்துவிடும், வாங்கியபின் பாருங்கள்" என்று பதில் வந்தால் அடுத்த விற்பனையாளரைத் தேடுங்கள்.