சொல் விளக்கம்: ரெகுலேஷன் – ஒழுங்குமுறை

ரெகுலேட்டர் என்றால் நம் வீடுகளில் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ். சமையலறையில், எரிவாயு சிலிண்டரின் தலையில் பொருத்துவது. செல்போன் துறைக்கு அரசு வகுக்கும் ரெகுலேஷன் என்று வரும்போதோ பலரும் 'கட்டுப்பாடு' என்று எழுதிவிடுகிறார்கள். அது பாதிப் பொருள்தான்.

மூலம் லத்தீன். 'ரெகெரே' என்றால் நேராகச் செலுத்துதல். அதன் வழி வந்த 'ரெகுலா' முதலில் கோடு போடும் நேர்கோலையும், பிறகு விதியையும் குறித்தது. தமிழில் 'ஒழுங்கு' என்ற சொல்லுக்கும் வரிசை என்ற பொருள் உண்டு. யாழ்ப்பாணத்தில் சந்துக்கு ஒழுங்கை என்றே பெயர். எனவே ரெகுலேஷனுக்கு 'ஒழுங்குமுறை' கச்சிதமாகப் பொருந்துகிறது. பருத்தியும் நிலக்கடலையும் ஏலம் போகும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தை அறிந்த உழவருக்கு இது புதுச் சொல்லும் அல்ல.

கட்டுப்பாடு ஏன் போதாது? இந்தியச் செல்போன் சந்தையையே பாருங்கள். 1995இல் சேவை தொடங்கியபோது, உரிமம் பெற்ற நிறுவனங்கள் பெருந்தொகையை உரிமக் கட்டணமாகக் கட்ட ஒப்புக்கொண்டு மூச்சுத் திணறின. 1999ஆம் ஆண்டின் புதிய தொலைத்தொடர்புக் கொள்கை, நிலையான கட்டணத்தை விட்டு வருவாயில் பங்கு என்ற முறைக்கு மாறியது. அதற்குப் பிறகும் ஒரு தொல்லை நீடித்தது: வரும் அழைப்புக்கும் காசு. மணி அடித்தால் எண்ணைப் பார்த்துவிட்டுத் துண்டிப்பார்கள், பிறகு எஸ்.டி.டி. பூத்தைத் தேடுவார்கள். 2003 மே 1 முதல் அழைப்பவரே செலுத்தும் முறை வந்தது. அழைப்பை ஏற்றுச் சேர்க்கும் நிறுவனத்துக்கு அழைப்பவரின் நிறுவனம் இணைப்புக் கட்டணம் தர வேண்டும் என்பது அன்றைய ஏற்பாடு. அந்த மார்ச்சில் சுமார் 1.3 கோடியாக இருந்த செல்போன் இணைப்புகள் மறு மார்ச்சில் 3.3 கோடியைத் தாண்டின. அதில் நிறுவனங்களின் விலைப்போட்டிக்கும் பெரும் பங்கு உண்டு. ஆனால், பேசக் கூப்பிடுபவர்தான் காசு தர வேண்டும் என்ற விதி இல்லாமல் சாமானியர் கையில் செல்போன் இவ்வளவு வேகமாக வந்திருக்காது. இதைக் கட்டுப்பாடு என்றால் யார் நம்புவார்கள்?

'டிராய்' அமைப்பை 'இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்' என்று எழுதுவதே சரி. அந்த ஆணையம் இவ்வளவுக்கு மேல் வசூலிக்கக் கூடாது என்று உச்சவரம்பு வைத்தால், அதை மட்டும் தாராளமாகக் கட்டணக் கட்டுப்பாடு என்று எழுதலாம்.